போஸ்டரில் ‘உண்மை வரலாறு’ என்று போடலாமா?

கேள்வி: ஐயா, நான் வரலாற்றில் முதுகலை முடித்தவள். ஒரு பெரிய பட்ஜெட் படத்தில் ஆய்வு உதவியாளராக வேலை பார்க்கிறேன். தென் மாவட்டங்களில் கதைப்பாடலாகப் பாடப்படும் ஒரு மன்னனின் கதை. எந்த மன்னன் என்று வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பாடலில் வரும் பெரும்போருக்குக் கல்வெட்டுச் சான்று எதுவும் கிடையாது. அதைச் சொன்னால் டைரக்டர், “2004-இல் வந்த கிங் ஆர்தர் படத்தைப் பாரும்மா. மாயமந்திரத்தை எல்லாம் தூக்கிவிட்டு உண்மைக் கதை என்று எடுத்தார்கள். அதுதான் நமக்கு மாடல்” என்கிறார். தயாரிப்பாளர் தரப்பில் போஸ்டரிலேயே ‘மறைக்கப்பட்ட உண்மை வரலாறு’ என்று போடப்போகிறார்கள். டைட்டிலில் ‘வரலாற்று ஆலோசகர்’ என்று என் பெயர் வருமாம். நான் கொடுத்த குறிப்புகளில் பத்தில் ஒன்றுகூடத் திரைக்கதையில் இல்லை. “ஜனங்கள் என்ன கல்வெட்டா படிக்கப்போகிறார்கள்” என்று டிஸ்கஷனில் சிரிக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு விட வேண்டாம். விட வேண்டிய கட்டம் ஒன்று வரலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு மனக்குறைகள் பின்னிக் கிடக்கின்றன. டைரக்டர் கதையை மாற்றுகிறார் என்பது ஒன்று. மாற்றிய கதைக்கு ‘உண்மை வரலாறு’ என்று போஸ்டர் அடிக்கப்போகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. கதைப்பாடல் பாடியவர்களே ஊருக்கு ஊர், கொடை கொடுத்தவர் முகம் பார்த்து மாற்றித்தான் பாடினார்கள். வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இது தெரியும். போஸ்டர் விஷயம்தான் உங்கள் படிப்பையும் பெயரையும் தொடுகிறது. சண்டை போடுவதானால் அங்கே போடுங்கள்.

கிங் ஆர்தரை மாடல் என்றாரே உங்கள் டைரக்டர், அதையே எடுத்துக்கொள்வோம். ஆர்தர், சாக்சன் படையெடுப்பிலிருந்து பிரிட்டனைக் காத்தான் என்று கதைகள் சொல்லும் மன்னன்; கினிவியர் அவன் ராணி, லான்சலாட் அவளைக் காதலித்த அவன் வீரன். அந்தப் படம் உருவான விதத்தை விசாரித்திருந்தால் அவர் வேறு படத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்.

2000-இல் ‘கிளாடியேட்டர்’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வாளும் கேடயமுமாகக் கிளம்பின. 2004-இல் மட்டும் டிராய், கிங் ஆர்தர், அலெக்சாண்டர் என்று மூன்று பெரிய படங்கள் வந்தன. கிங் ஆர்தரின் திரைக்கதையை எழுதிய டேவிட் ஃபிரான்சோனி, கிளாடியேட்டர் கதையை எழுதியவர். தயாரிப்பு ஜெர்ரி பிரக்ஹைமர், இயக்கம் ஆன்ட்வான் ஃபுகுவா, பணம் டிஸ்னியுடையது. சுமார் 12 கோடி டாலர். ஆர்தர் கதைக்கு யாருக்கும் ரைட்ஸ் தொகை தர வேண்டாம், பெயரோ உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஒரே சிக்கல், எத்தனையோ தடவை எடுத்தாயிற்று. அப்படியானால் புதிதாக எதைச் சொல்லி விற்பது? ‘இதுதான் உண்மை’ என்று சொல்லித்தான். படம் தொடங்கும்போதே திரையில் எழுத்து வரும். 15-ஆம் நூற்றாண்டின் கதைக்குப் பின்னால் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பு வாழ்ந்த ஓர் உண்மை வீரன் இருக்கிறான் என்று வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், அண்மையில் கிடைத்த தொல்லியல் சான்று அவன் யார் என்று காட்டுகிறது என்கிற பொருளில். அப்படி வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொண்டதாக எதுவும் கிடையாது.

படம் கைகாட்டும் அந்த வீரன் லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ். இவர் நிஜமாகவே இருந்தவர். குரோஷியாவில் ஸ்பிளிட் நகருக்குப் பக்கத்தில் போட்ஸ்டிரானா என்ற இடத்தில் இவருடைய கல்வெட்டு இருக்கிறது, உடைந்த நிலையில். பிரிட்டனில் ஆறாவது படையணியின் அதிகாரியாக இருந்தார் என்பது அதிலிருந்து தெரிகிறது. காலம் 2 அல்லது 3-ஆம் நூற்றாண்டு. இது ஓர் இழை. இன்னோர் இழை, பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 175-இல் சர்மேஷியர் என்ற நாடோடி இனத்துக் குதிரை வீரர்கள் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பினார் என்ற செய்தி; எழுதியவர் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஆர்தரும் அவன் வீரர்களும் இங்கிருந்து கிளைத்த கதையாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். கருதுகோள் என்ற அளவில் அதில் தப்பில்லை, எனக்கே பிடித்தமான கருதுகோள்தான். தப்பு எங்கே வருகிறது என்றால், ‘இருக்கலாம்’ என்று ஆய்வாளர் எழுதியது ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ‘இருந்தான்’ ஆகிவிடுகிறது. உங்கள் குறிப்புகளுக்கும் இதுதான் நடக்கும், இப்போதே எச்சரிக்கையாக இருங்கள்.

படம் நடப்பது 467-இல். காஸ்டஸுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டாவது பிந்திய காலம். ரோமானிய ஆட்சி 410 வாக்கிலேயே பிரிட்டனைக் கைகழுவிவிட்டது. படத்திலோ ரோமிலிருந்து ஆணை வந்துகொண்டே இருக்கிறது. ஆணையைக் கொண்டுவரும் பிஷப் ஜெர்மானஸ் உண்மையில் 429-இல் பிரிட்டனுக்கு வந்தவர், 450-க்கு முன்பே இறந்துவிட்டார். சாக்சன் தலைவனான வில்லன் செர்டிக் படை எடுத்து வருவது, ரோமானியர் வட பிரிட்டனில் எல்லையாகக் கட்டிய ஹாட்ரியன் சுவருக்கு வடக்கிலிருந்து. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு அவனை 495-இல் தென்கரையில் இறக்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம், அதாவது பேரரசின் எல்லைக்கு வெளியே, ஒரு ரோமானியப் பிரபு குடும்பம் மாளிகை கட்டிப் பண்ணை நடத்துகிறது. எந்தத் தைரியத்தில் என்று கேட்காதீர்கள், அவர்களை மீட்கப் போவதுதான் கதை.

இவையெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு வேடிக்கையாகப் பட்டது பெயர்கள். மந்திரவாதத்தை நீக்கினார்கள், இயேசு பயன்படுத்தியதாகச் சொல்லும் புனிதக் கிண்ணத்தை நீக்கினார்கள், கதையின் உயிரான முக்கோணக் காதலைப் பெயரளவுக்கு ஆக்கினார்கள், எல்லாம் உண்மைக்காக. ஆனால் லான்சலாட் மட்டும் இருக்கிறான். லான்சலாட் 12-ஆம் நூற்றாண்டில் கிரெட்டியன் டி டிராய் என்ற பிரெஞ்சுக் கவிஞரின் பாட்டில் வந்து புகழ்பெற்றவன். படத்தில் வரும் இன்னொரு வீரன் கலஹாட் 13-ஆம் நூற்றாண்டு வரவு. ஆர்தர் சாக்சன்களை முறியடித்ததாகச் சொல்லப்படும் பேடன் மலைப் போரைப் பற்றி 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி ஆர்தர் பெயரையே எடுக்கவில்லை. ஆர்தர் 12 போர்களில் வென்றான் என்ற பட்டியல் 9-ஆம் நூற்றாண்டு நூலில்தான் வருகிறது. உண்மையைத் தேடிப் போவதானால் முதலில் விட வேண்டிய பெயர் லான்சலாட். அதை விட முடியாது, ஏனென்றால் அந்தப் பெயரைச் சொன்னால்தான் டிக்கெட். எதை நீக்குவது, எதை வைப்பது என்று தீர்மானித்தது சான்று இல்லை, சந்தை.

சந்தை அதோடு நிற்கவில்லை. ஃபுகுவா ரத்தமும் சகதியுமாக, பெரியவர்களுக்கான போர்ப்படமாகத்தான் எடுக்க நினைத்தார். ஸ்டுடியோவுக்குக் கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் தியேட்டருக்கு வர வேண்டும். ரத்தத்தை வெட்டி, 13 வயதுக்காரர்கள் பார்க்கும்படியான சான்றிதழ் வாங்கி, 2004 ஜூலை 7-இல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் முன்புதான் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம் வந்திருந்தது. ரத்தம் பிறகு டிவிடியில், டைரக்டர் பதிப்பு என்ற பெயரில் திரும்பி வந்தது. அமெரிக்கப் போஸ்டரில் கினிவியராக நடித்த கீரா நைட்லியின் மார்பைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்கள். அவரே பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். உண்மைக் கதை என்று விற்ற படத்தின் போஸ்டரில் நடிகையின் உடம்புகூட உண்மையாக இல்லை.

வசூல்? அமெரிக்காவில் 5 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. உலகம் முழுக்கச் சேர்த்து 20 கோடி அளவில். தியேட்டர்காரர் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று உங்கள் தயாரிப்பாளருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த டிஸ்கஷனில் இந்தக் கணக்கை மெதுவாக எடுத்துவிடுங்கள். சிரிப்புச் சத்தம் கொஞ்சம் குறையும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஹாலிவுட்காரர்கள்தான் ஒரு புனிதமான கதையைக் காசுக்காகக் கெடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்தர் கதை காசைப் பார்க்காமல் இருந்த காலமே இல்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடம் 1184-இல் தீப்பிடித்து எரிந்தது. திருப்பணிக்கு உதவிவந்த மன்னர் இரண்டாம் ஹென்றி 1189-இல் இறந்துபோக, வரும்படி நின்றது. 1191-இல் துறவிகள் தங்கள் இடுகாட்டைத் தோண்டி ஆர்தரின் கல்லறையைக் ‘கண்டுபிடித்தார்கள்’. எலும்புகளோடு ஓர் ஈயச் சிலுவை. அதில் இங்கே கிடப்பவன் ஆர்தர் என்று லத்தீனில் எழுத்து. இதைவிடக் கச்சிதமான சான்று கிடைக்குமா? யாத்ரீகர் கூட்டம் வந்தது, மடம் எழுந்தது. ஆர்தர் சாகவில்லை, ஒருநாள் திரும்பி வருவான் என்று நம்பியிருந்த வேல்ஸ் மக்களுக்கு அவன் எலும்பைக் காட்டியதில் ஆங்கில அரசனுக்கும் லாபம். 1278-இல் முதலாம் எட்வர்ட் ராணியோடு வந்து அந்த எலும்புகளை மறு அடக்கம் செய்ததே ஒரு பிரம்மாண்டமான நிகழ்ச்சிதான். பிரக்ஹைமருக்கு 800 வருடம் மூத்த தயாரிப்பாளர்கள் அவர்கள்.

அதனால் கதையில் வணிகம் கலப்பதைக் கண்டு மனம் நோகாதீர்கள். சில பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடவும் பழகுங்கள். குதிரைச் சேணத்தில் அங்கவடியைப் பாருங்கள். ரோமானியர்களிடம் அங்கவடி கிடையாது, மேற்கு ஐரோப்பாவுக்கு அது பிற்பாடுதான் வந்தது. ஆனால் ரோமானியக் கதை எடுக்கும் படங்களில் நடிகர்கள் அங்கவடியில் கால் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அது இல்லாமல் ஓட்டி ஒருவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் படப்பிடிப்பு நிற்கும், இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். இந்த இடத்தில் வரலாற்றாசிரியர் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. செட்டும் அப்படித்தான். அந்தப் படத்துக்காக அயர்லாந்தின் கில்டேர் பகுதியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஹாட்ரியன் சுவரைக் கட்டினார்கள். அவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய பிறகு, போர் தெற்கே நடந்தது என்று யாராவது வந்து சொன்னால் எடுபடுமா? ஆர்ட் டைரக்டர் அளவெடுக்கத் தொடங்கும் முன்பு சொன்னால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. உங்கள் ஷெட்யூலில் செட் வேலை எப்போது தொடங்குகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் நிராகரிக்கப்பட்டதில் பாதி, தாமதமாகப் போனதால்கூட இருக்கும்.

இப்போது போஸ்டர். நம் நாட்டிலேயே இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது: சஞ்சய் லீலா பன்சாலியின் ‘பத்மாவத்’. அலாவுதீன் கில்ஜி சித்தூரை முற்றுகையிட்டது 1303-இல், அது வரலாறு. படையோடு போன அமீர் குஸ்ரு அந்த முற்றுகையை எழுதிவைத்திருக்கிறார். பத்மினி என்று ஒரு ராணியின் பெயர் அதில் இல்லை. அவளை நமக்குத் தந்தது மாலிக் முகம்மது ஜாயசி 1540-இல் அவதியில் பாடிய காவியம். அதில் அவள் சிங்களத் தீவின் இளவரசி. பேசும் கிளி ஒன்று அவள் அழகைச் சித்தூர் அரசனுக்குச் சொல்ல, அவன் துறவிக் கோலத்தில் கடல் கடந்து போய் அவளை மணக்கிறான். பேசும் கிளி வரும் கதைக்குத்தான் 2017 ஜனவரியில் ஜெய்ப்பூர் படப்பிடிப்பில் புகுந்து இயக்குநரை அடித்தார்கள், மார்ச்சில் கோலாப்பூரில் செட்டைக் கொளுத்தினார்கள். தங்கள் குலத்து ராணியின் வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. படம் 2017 டிசம்பர் 1-இலிருந்து 2018 ஜனவரி 25-க்குப் போனது. ‘பத்மாவதி’ என்று ராணியின் பெயராக இருந்த தலைப்பு, ‘பத்மாவத்’ என்று காவியத்தின் பெயரானது. வரலாற்றுத் துல்லியத்துக்கு உரிமை கோரவில்லை என்று அறிவிப்புப் போட்டார்கள். ‘கூமர்’ பாட்டில் தீபிகா படுகோனின் இடுப்பைக் கம்ப்யூட்டரில் மூடினார்கள். (அங்கே கம்ப்யூட்டரை வைத்துப் பெரிதாக்கினார்கள், இங்கே மறைத்தார்கள். பெண்ணின் உடம்புதான் இரண்டு இடத்திலும் கடைசிப் பேரம்.) சில மாநிலங்கள் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகு படம் வந்து 500 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது.

ஒருவர் டிக்கெட் விற்பதற்காக ‘உண்மை’ என்று கார்டு போட்டார். இன்னொருவர் டிக்கெட் விற்க விடமாட்டார்களோ என்ற பயத்தில் ‘கற்பனை’ என்று போட்டார். இரண்டு கார்டுமே ஆய்வாளர் எழுதியவை இல்லை. இதை உங்கள் தயாரிப்பாளரிடம் அறம், நேர்மை என்று ஆரம்பித்தால் காது கொடுக்க மாட்டார். அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்: “சார், ‘உண்மை வரலாறு’ என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த மன்னன் எங்கள் வம்சம் என்று யார் வந்தாலும் கோர்ட்டில் நம்மால் ‘இது கதை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரிலீஸுக்கு முந்தின வாரம் ஒரு தடை உத்தரவு வந்தால் ஓடிடி ஒப்பந்தம், வெளிநாட்டு உரிமை எல்லாம் என்னாகும்?” தமிழ்நாட்டில் பழைய மன்னர் ஒருவருக்கு எத்தனை சமூகங்கள் உரிமை கொண்டாடுகின்றன என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ‘கதைப்பாடலைத் தழுவியது’ என்று ஒரு வரி போட்டால் அவருக்கும் பாதுகாப்பு, பாடலுக்கும் மரியாதை. ‘தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட கதை’ என்று போஸ்டரில் போடட்டுமே, அது பொய் இல்லை. விளம்பரத்துக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

“ஜனங்கள் கல்வெட்டா படிக்கப்போகிறார்கள்?” படிக்க மாட்டார்கள்தான். தப்பாக எடுத்தால் படம் ஓடாது என்று மட்டும் வாதாடிவிடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். 1995-இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’டில் ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸுக்கும் இளவரசி இசபெல்லாவுக்கும் காதல். வாலஸ் 1305-இல் கொல்லப்பட்டபோது இசபெல்லா பிரான்சில் இருந்த பத்து வயதுச் சிறுமி. படம் ஐந்து ஆஸ்கார் வாங்கியது.

அதே படத்திலிருந்து உங்களுக்கு வேறொரு பாடம் இருக்கிறது. 1297 செப்டம்பர் 11-இல் நடந்த ஸ்டிர்லிங் பாலப் போர். ஆங்கிலேயப் படை பெரியது. ஆற்றைக் கடக்க ஒரு குறுகலான மரப்பாலம்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் அவசரப்படாமல், எதிரிப் படையில் ஒரு பகுதி இக்கரைக்கு வரும்வரை காத்திருந்துவிட்டுப் பாய்ந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. அக்கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. ஏழைப் படை பெரிய படையை எப்படி ஜெயித்தது என்பதை ஒரே ஷாட்டில் காட்டக்கூடிய இடம். படத்தில் பாலமே இல்லை! திறந்த வெளியில் இரண்டு கூட்டம் மோதுகிறது. வரலாறு கொடுத்த சீன், எழுதிய சீனைவிட நல்ல சீன்.

உங்கள் குறிப்புகளை இந்தப் பக்கமாகத் திருப்புங்கள். ‘காட்சி 42-க்குச் சான்று இல்லை’ என்று எழுதினால் டைரக்டருக்கு நீங்கள் ஆடிட்டர். ‘காட்சி 42-க்குப் பதிலாக இது இருக்கிறது’ என்று எழுதினால் கதை விவாதத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி. சான்றே இல்லாத பெரும்போரைப் பற்றி எழுதியிருந்தீர்களே. பத்தாயிரம் பேர் மோதுவதைக் கிராபிக்ஸில் எடுக்க ஆகும் செலவை யோசியுங்கள். நம் நடுகற்களில் பேசப்படும் சண்டைகளில் பெரும்பாலானவை மாடுகளுக்காக நடந்தவை. ஆநிரை கவர வந்தவர்கள், மீட்கப் போனவர்கள், இரவு, தூசி, இருபது முப்பது ஆட்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதற்குப் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த நாயைப் பற்றி ஒருநாள் டீ இடைவேளையில் டைரக்டரிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் மன்னனின் காலமும் ஊரும் வேறாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்துச் சண்டை எந்த அளவில் நடந்தது, எதற்காக நடந்தது என்று அவருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாயை அவர் விடவே மாட்டார், பாருங்கள்.

குறிப்பு எழுதும்போது மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு, செப்பேடு, சமகால ஆவணம் கறுப்பில். பாடல், வழக்காறு, பிற்கால நூல் நீலத்தில். நம் கற்பனை சிவப்பில். ஆதித்த கரிகாலன் கொலையை இப்படி எழுதிப் பார்த்தால் புரியும். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்கள் தரப்பு நிலங்கள் ராஜராஜன் காலத்தில் கைமாறியதைப் பேசுகிறது. அது கறுப்பு. எதற்காகக் கொன்றார்கள், பின்னால் இருந்து தூண்டியது யார் என்று ஒரு வரி அதில் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியை உட்கார வைத்தார். அது சிவப்பு. ஆனால் நந்தினியின் கல்வெட்டு எந்தக் கோயிலில் இருக்கிறது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நல்ல சிவப்பு அவ்வளவு சீக்கிரம் கறுப்பாகிவிடும். எந்த வரி எந்த நிறம் என்று படக்குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உங்களை வேலைக்கு வைத்திருப்பதே அதற்குத்தான், அவர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தாலும்.

ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கதைக்கு வில்லன் வேண்டும் என்பதற்காக, இன்றைக்கும் நம்மோடு வாழ்கிற ஒரு சமூகத்தை, ஒரு ஊரை, ஒரு மதத்தைப் பிடித்துவந்து துரோகி ஆக்கினால், அது சிவப்பு மையில் எழுதிய வரி என்று உரக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள். அங்கவடி பிழையால் யார் வீட்டுக் கண்ணாடியும் உடையாது. இந்தப் பிழை அப்படிப்பட்டது இல்லை.

அப்புறம் உங்கள் பெயர். ‘வரலாற்று ஆலோசகர்’ என்று போட்டால் படத்தில் வருகிற எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒப்புதல் கொடுத்ததாகத்தான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஒரு தொலைக்காட்சித் தொடரில் எனக்கு அப்படிப் போட்டார்கள். சோழர் காலத்துச் சமையற்கட்டில் மிளகாய் வற்றல் காய்கிறது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பயிர் ராஜராஜன் வீட்டு முற்றத்தில். அந்தக் காட்சியை எடுத்ததே எனக்குத் தெரியாது. போன் மட்டும் எனக்கு வந்தது. ஆகவே ‘ஆய்வு உதவி’ என்று போட்டால் போதும் என்று இப்போதே மின்னஞ்சலில் எழுதுங்கள். இறுதி வடிவத்தைப் பார்த்த பிறகு பெயரை விலக்கிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும் குறிப்புகள் அனைத்தையும் தேதி போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாளைக்குத் தேட முடியாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் திரைக்கதையைப் பற்றி வெளியே யாரிடமும் பேச வேண்டாம், என்னிடமும் சேர்த்துத்தான்.

எப்போது விலகுவது என்றால், சான்றைத் தயாரிக்கச் சொல்லும்போது. ‘புதிதாகக் கிடைத்த செப்பேடு’ என்று புரமோஷனுக்கு ஒன்று செய்வோம், நீங்கள் கேமரா முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று யாராவது ஆரம்பித்தால், அது கிளாஸ்டன்பரி ஈயச் சிலுவை. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டைரக்டர் போரை நான்கு மடங்கு பெரிதாக்கினார், மன்னனுக்கு இல்லாத காதலியைக் கொடுத்தார் என்பதற்கெல்லாம் கிளம்ப வேண்டாம்.

சம்பளம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, பெரும்பாலும் நம் ஆட்கள் எழுத மாட்டார்கள். ஆய்வுக்கான பணத்தைப் படப்பிடிப்பு தொடங்குவதற்குள் முழுதாக வாங்கிவிடுங்கள். செட்டும் குதிரையும் வந்து இறங்கிய பிறகு பாக்கி கேட்டால், புரொடக்ஷன் மேனேஜருக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது.